சர்க்கரை நோய் புதிதாகத் தெரியவந்தவர்களுக்கு: தவறான நம்பிக்கைகளைத் தாண்டி எங்கே தொடங்குவது

சர்க்கரை நோய் என்று ரிப்போர்ட் வந்த அன்றே ஆலோசனைகளும் வந்து குவிந்துவிடும். இனிப்பை விட்டால் போதும். கசப்பாகச் சாப்பிட்டால் குறைந்துவிடும். மாத்திரையைத் தொட்டால் ஆயுளுக்கும் விட முடியாது. இன்சுலின் என்றாலே கடைசிக் கட்டம். உடம்பு நன்றாக இருக்கிறதென்றால் பயப்பட ஒன்றுமில்லை. இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் அடியில் ஒரே பிழைதான் கிடக்கிறது: நாக்கு உணர்வதையும் உடம்பு உணர்வதையும் வைத்து ரத்தச் சர்க்கரையைக் கணக்குப் போடுவது. இந்த நோயில் அது எடுபடாது. 250 இருக்கும்போது ஒருவர் சுறுசுறுப்பாக வேலை பார்த்துக்கொண்டிருப்பார். நெடுநாள் 300ல் இருந்து பழகிய இன்னொருவருக்கு 110க்கு இறங்கியதும் கை நடுங்கும். அதனால் எண்களிலிருந்து தொடங்குவோம். தவறான நம்பிக்கைகள் எந்தப் படியில் குறுக்கே வருகின்றனவோ அந்த இடத்திலேயே அவற்றைப் பார்த்துவிடலாம்.

இங்கே வரும் சர்க்கரை அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. உங்கள் ரிப்போர்ட் மில்லிமோல் கணக்கில் இருந்தால் அதை 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதல் படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். இவற்றில் ஒன்று இருந்தால் சர்க்கரை நோய். அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து முத்திரை குத்தக் கூடாது. மறுபடி ஒருமுறையோ வேறு வகைச் சோதனையாலோ உறுதி செய்ய வேண்டும். தாங்க முடியாத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றோடு, எந்த நேரத்தில் எடுத்த ரத்தத்திலும் 200 இருந்தால் அந்த ஒன்றே போதும்.

இந்தக் கோட்டைத் தாண்டியபின் “லேசான சர்க்கரை” என்று தனியாக ஒன்று கிடையாது. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருப்பதுதான் நோய்க்கு முந்தைய நிலை. அதை அலட்சியப்படுத்துவதும் தவறு. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பு என்ற இரண்டை மட்டும் இலக்காக வைத்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்ததை 2002ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மருந்தில்லாமலே இவ்வளவு பலன் கிடைக்கும் கட்டம் இது.

அடுத்து, எந்த வகை என்று கேளுங்கள். முதல் வகையில் உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது; இனிப்பு தின்றதற்கும் அதற்கும் தொடர்பில்லை. குழந்தைக்கு முதல் வகை வந்தால் “மிட்டாய் வாங்கிக் கொடுத்தே கெடுத்துவிட்டாய்” என்று தாயைக் குற்றம் சொல்வது கொடுமை. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாக மசிவதில்லை, சுரப்பும் போகப் போகக் குறைகிறது. பரம்பரை, வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, உடலசைவு இல்லாமை, தூக்கக் குறைவு எல்லாம் சேர்ந்து கொண்டுவருவது அது. சர்க்கரை பானங்களை நிறையக் குடிப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. ஒல்லியானவர்களுக்கு வராது என்பதும் சரியல்ல. நீங்கள் ஒல்லி, எடை வேகமாக இறங்குகிறது, மாத்திரைகள் சில மாதங்களிலேயே பலிக்காமல் போகின்றன என்றால், பெரியவர்களுக்கு மெதுவாக வரும் முதல் வகையா என்று பார்க்க ஜிஏடி ஆன்டிபாடி, சி-பெப்டைடு சோதனைகள் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எச்பிஏ1சி பற்றி ஒரு வார்த்தை. டாக்டரைப் பார்க்கப் போகுமுன் இரண்டு நாள் வாயைக் கட்டி வெறும் வயிற்றுச் சர்க்கரையை அழகாக்கிக் காட்டுபவர்கள் உண்டு. சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருந்து, அதுவரை பட்ட சர்க்கரையை எல்லாம் தம்மேல் ஒட்டவைத்துக்கொள்வதால் எச்பிஏ1சியிடம் அந்த வித்தை பலிக்காது. 6 சதவீதம் என்பது சராசரி 126, 7 என்பது 154, 8 என்பது 183. பலருக்கு இலக்கு 7க்குக் கீழே. வயதானவர்கள், அடிக்கடி சர்க்கரை தாழ்ந்துபோகிறவர்களுக்கு 8 வரை விட்டுக்கொடுப்பார்கள். இதுவும் ஏமாற்றும் இடங்கள் உண்டு: இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகையில் கூட்டிக் காட்டலாம், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களிலும், ரத்தம் ஏற்றிய பின்னும் தவறாகக் காட்டும். வீட்டு அளவுகளும் இதுவும் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லையென்றால் முதலில் ஹீமோகுளோபினைப் பாருங்கள்.

இரண்டாம் படி: வீட்டில் சரியாக அளப்பது

சிறுநீரில் சர்க்கரை இல்லையே, அப்புறம் என்ன என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடிருக்கிறது. ரத்தத்தில் ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விடும். அதாவது 170லேயே மாதக்கணக்கில் இருப்பவரின் சிறுநீர் சுத்தமாகவே இருக்கும். எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரை (டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்) சாப்பிடுபவருக்கோ ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் சிறுநீரில் சர்க்கரை போய்க்கொண்டே இருக்கும். அந்த மருந்தின் வேலையே அதுதான். ஆகவே விரல் நுனி ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

செய்முறை இது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். பழம் உரித்த விரலில் அப்படியே குத்தினால் உண்மையான 120ஐ மீட்டர் 200க்கு மேல் காட்டிவிடும். தோலில் ஒட்டியிருக்கும் பழச்சர்க்கரையையும் சேர்த்து அது அளந்துவிடுகிறது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் முழுக்கக் காயவிடுங்கள். விரல் நுனியின் நடுவில் வேண்டாம், பக்கவாட்டில் குத்துங்கள். நரம்பு முனைகள் அங்கே குறைவு, வலியும் குறைவு. ரத்தம் வராவிட்டால் கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி நீவுங்கள். நுனியைப் பிடித்துப் பிழிந்தால் திசு நீரும் கலந்து அளவு மாறும். ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்த கையோடு மூடுங்கள், ஈரக்காற்று பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். காலாவதி தேதியைப் பாருங்கள்.

அடுத்தடுத்து இருமுறை எடுத்து 142, 151 என்று வந்தால் மீட்டர் பழுது என்று தூக்கிப் போட வேண்டாம். மீட்டர்களுக்கான 2013ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமே, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை, 100க்குக் கீழே 15 புள்ளிகள் வரை வித்தியாசத்தை அனுமதிக்கிறது. சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் அதே நிமிடத்தில் உங்கள் மீட்டரிலும் எடுத்து ஒப்பிடுங்கள். கையில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அது தோலடி நீரை அளக்கிறது, ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கும். சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் விரலில் குத்தி உறுதி செய்யுங்கள். சென்சார் இருக்கும் பக்கமாகப் படுத்து அழுத்தினால் இரவில் பொய்யாகக் குறைவு காட்டும்.

எப்போது எடுப்பது? காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது பரவலான தவறு. வெறும் வயிறு 115, சாப்பிட்ட பின் 240 என்பவர்கள் ஏராளம். பொதுவான இலக்கு சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிடத் தொடங்கிய ஒன்று இரண்டு மணி நேரத்தில் 180க்குக் கீழ். அந்த இரண்டு மணி நேரம் முதல் கவளத்திலிருந்து கணக்கு, கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. ஆய்வகத்தில் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கும் சோதனைக்கு வழக்கமான சாப்பாட்டையும் வழக்கமான மாத்திரையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையை விட்டுவிட்டோ, அரை வயிறு சாப்பிட்டோ போனால் அந்த எண்ணை வைத்து யாராலும் மருந்தைத் திருத்த முடியாது.

இரவு ஒன்றுமே சாப்பிடாமல் படுத்தும் காலையில் கூடியிருக்கிறதே என்று பலர் குழம்புவார்கள். விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலைத் தூண்டிச் சர்க்கரையை வெளியே விடச் செய்கின்றன. இரவுச் சாப்பாட்டைத் தவிர்ப்பதால் இது தீராது. இரவு படுக்கும்போது, அதிகாலை 3 மணிக்கு, எழுந்ததும் என்று இரண்டு மூன்று நாள் எடுத்துக் குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மருந்தின் நேரத்தையோ அளவையோ மாற்ற அது உதவும்.

மூன்றாம் படி: தட்டை மாற்றுவது

இனிப்பை நிறுத்தினால் மட்டும் போதாது. தானியம், கிழங்கு, மாவுப் பண்டம் எல்லாம் வயிற்றில் குளுக்கோஸாகத்தான் முடிகின்றன. ஒரு தானியத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறினால் சர்க்கரை குறையும் என்று நம்பி, அளவைக் கூட்டிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. அரிசி, கோதுமை, சிறுதானியம் எதுவானாலும் சமைக்காத 100 கிராமில் மாவுச்சத்து ஏறத்தாழ 65 முதல் 80 கிராம். தவிடு நீக்காத தானியத்தில் நார்ச்சத்து கூடுதல், ஏற்றம் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். எதைச் சாப்பிடுகிறோம் என்பதற்கு முன்னால் எவ்வளவு என்ற கேள்வி நிற்கிறது.

எடைபோட்டுச் சாப்பிட முடியாதவர்களுக்கு எளிய வழி: 9 அங்குலத் தட்டு ஒன்றை எடுங்கள். பாதியில் கிழங்கல்லாத காய்கள், கால்வாசியில் பருப்பு, முட்டை, மீன், கோழி போன்ற புரதம், மீதிக் கால்வாசியில் மட்டும் தானியம். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, தானியத்தைக் கடைசியில் எடுத்தால் அதே சாப்பாட்டுக்கே ஏற்றம் குறைகிறது. காசு செலவில்லாத மாற்றம் இது. இரண்டு நாள் இரண்டு விதமாகச் சாப்பிட்டு மீட்டரில் பார்த்தால் உங்களுக்கே தெரியும். சாப்பிட்டவுடன் 10 முதல் 15 நிமிட நடையும் அப்படியே.

தேன், பழுப்புச் சர்க்கரை, சுத்திகரிக்காத சர்க்கரை “நல்லது” என்பதில் ஒன்றுமில்லை. ஒரு மேசைக்கரண்டித் தேனில் மாவுச்சத்து சுமார் 17 கிராம். அதே கரண்டி வெள்ளைச் சர்க்கரையில் சுமார் 12. தேன் கனமானது, அதனால் ஒரு கரண்டியில் நிறையவே போய்விடும். கசப்பு விஷயமும் இதே மாதிரி. நாக்கில் கசப்பதற்கும் ரத்தத்தில் குறைவதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. கசப்பான காயைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், காய் என்பதற்காக. மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

பழத்தை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. சிறிய ஆப்பிள் ஒன்று, அல்லது பெரிய வாழைப்பழத்தில் பாதி, சுமார் 15 கிராம் மாவுச்சத்து. ஒரு வேளைக்கு அது போதும். சாப்பாட்டோடு சேர்த்து வயிற்றில் தள்ளாமல் தனியாகச் சாப்பிடுங்கள். சாறாகப் பிழிந்தால் கதை வேறு. மூன்று பழத்தின் சர்க்கரை ஒரு டம்ளரில் வந்து, நாரில்லாமல், அரை நிமிடத்தில் இறங்கிவிடுகிறது.

“சுகர் ஃப்ரீ” என்று அட்டையில் எழுதிய பிஸ்கட்டில் மாவும் கொழுப்பும் அப்படியே இருக்கும். பொட்டலத்தின் பின்புறம் திருப்பி, சர்க்கரை வரியை விட்டுவிட்டு மொத்த மாவுச்சத்து வரியைப் படியுங்கள்; அது 100 கிராமுக்கா, ஒரு பிஸ்கட்டுக்கா என்றும் பாருங்கள். இன்னொரு பக்கம், இருமலுக்குக் கொடுக்கும் சிரப்பில் சர்க்கரை இருக்கிறதே என்று பதறுபவர்களும் உண்டு. நாளைக்கு இரண்டு கரண்டிச் சிரப் பெரிய விஷயமில்லை. அதே காய்ச்சலுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு கொடுத்தால் அதுதான் சர்க்கரையைத் தூக்கிவிடும். அப்போது அடிக்கடி அளக்க வேண்டும்.

நான்காம் படி: மாத்திரை

“மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்” என்பதுதான் மக்கள் மருந்தை நிறுத்துவதற்குச் சொல்லும் காரணம். சிறுநீரகத்தைக் கெடுப்பது பல வருடம் கூடியிருக்கும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். இந்த வதந்தி பிறந்த இடத்தை ஊகிக்கலாம்: சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு மெட்ஃபார்மினைக் குறைப்பார்கள், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். அளவு 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். உடலில் தேங்கிவிடக் கூடாது என்பதற்காக நிறுத்துவதைப் பார்த்து, கெடுத்ததால் நிறுத்தினார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள்.

மெட்ஃபார்மினில் உண்மையான தொல்லை வயிற்றில். சிறிய அளவில் தொடங்கி, சாப்பாட்டோடு எடுத்து, வாரக்கணக்கில் கூட்டினால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது. பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம், அவ்வப்போது சோதியுங்கள். கால் மதமதப்பை எல்லாம் சர்க்கரையின் தலையில் போட்டுவிட்டு பி12ஐ மறந்துபோவது அடிக்கடி நடக்கிறது.

உங்கள் மாத்திரை எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று கட்டாயம் தெரிந்துவைத்திருங்கள். கிளிமெபிரைடு, கிளிக்ளாசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். அவற்றை விழுங்கிவிட்டுச் சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகும். மெட்ஃபார்மின், கிளிப்டின் வகைகள் (சிட்டாகிளிப்டின் போன்றவை), எஸ்ஜிஎல்டி2 வகைகள் தனியாக எடுக்கும்போது அந்த அபாயம் மிகக் குறைவு. நேற்று மறந்ததற்குச் சேர்த்து இன்று இரண்டு மாத்திரை என்ற கணக்கு எந்த மாத்திரைக்கும் வேண்டாம்.

சர்க்கரை நார்மலுக்கு வந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு? நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரையாக இருக்கலாம். அதற்காக மருந்தில்லாமல் இருக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வின் முடிவு 2017ல் வந்தது. நோய் தெரிந்து 6 வருடத்துக்குள் இருந்த, இன்சுலின் எடுக்காத, எடை கூடிய இரண்டாம் வகை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளைக்குச் சுமார் 850 கலோரி உணவு கொடுத்து, பிறகு எடை ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். இதற்குத் தணிவு என்று பெயர், குணம் என்று அல்ல. எடை திரும்பினால் நோயும் திரும்பும், அதனால் வருடாவருடம் சோதனை தொடரும். முக்கியமானது, இது மருத்துவக் கண்காணிப்பில் மருந்தைக் குறைத்துச் செய்வது. ஏற்கெனவே எடை குறைந்தவரோ முதல் வகையினரோ செய்யக் கூடாது.

மூலிகைப் பொடி “கெமிக்கல் இல்லாதது” என்பார்கள். மெட்ஃபார்மினின் பூர்வீகமே கலேகா என்ற செடியில் இருந்த ஒரு வேதிப்பொருள்தான். 1957ல் பிரான்சில் சர்க்கரைக்கு மருந்தாகப் பயன்படுத்தப்பட்டது. பொடிக்கும் மாத்திரைக்கும் உள்ள வித்தியாசம், மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் போகிறது என்று தெரியும். பெயர் தெரியாத பொடிகளில் சர்க்கரை மாத்திரையையே பொடித்துக் கலந்து விற்றது பிடிபட்டிருக்கிறது. ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவருக்கு அது இரட்டை அளவு.

ஐந்தாம் படி: தாழ்ந்துபோனால் என்ன செய்வது

கூடுவது வருடங்களில் கெடுக்கும். தாழ்வது நிமிடங்களில் ஆளைச் சாய்க்கும். 70க்குக் கீழே போனாலே நடவடிக்கை வேண்டும், 54க்குக் கீழே ஆபத்து. வியர்வை, நடுக்கம், படபடப்பு, கொலைப்பசி, காரணமில்லாத கோபம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அடையாளங்கள். ரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடலாம். வியர்வை மட்டும் தெரியும்.

முடிந்தால் அளந்துவிடுங்கள், மீட்டர் கைக்கெட்டவில்லை என்றால் அளக்கக் காத்திருக்க வேண்டாம். உடனே 15 கிராம் சர்க்கரை: குளுக்கோஸ் பொடி 15 கிராம் தண்ணீரில், அல்லது வெள்ளைச் சர்க்கரை தட்டையாக மூன்று நான்கு தேக்கரண்டி, அல்லது 150 மில்லி பழச்சாறு. 15 நிமிடம் கழித்து அளந்து, இன்னும் 70க்குக் கீழே என்றால் மறுபடி அதே அளவு. 70ஐத் தாண்டியபின், அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் ஏதாவது சிற்றுண்டி. பயத்தில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் 300ல் நிற்பீர்கள்.

சாக்லேட் சட்டைப் பையில் வைத்திருப்பவர்கள் அதை மாற்றுங்கள். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இறங்குவதைத் தாமதப்படுத்தும். இன்னொன்று, யாரும் அதிகம் சொல்லாதது: அகார்போஸ், வோக்லிபோஸ் சாப்பிடுபவர்களுக்கு வெள்ளைச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது. அதைக் குடலில் உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்கள் குளுக்கோஸே வைத்திருக்க வேண்டும்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, அவசர ஊர்தியை அழையுங்கள். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசியோ மூக்கு ஸ்பிரேயோ வீட்டில் இருந்தால் அதைப் போடுங்கள். இதை நோயாளி தெரிந்துவைத்துப் பயனில்லை. கூட இருப்பவர் தெரிந்திருக்க வேண்டும்.

மது குடித்தால் சர்க்கரை குறைகிறதே என்று அதை மருந்தாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மதுவை வெளியேற்றும் வேலையில் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தால் பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில் தாழும். கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகும் இப்படித் தாமதமாகத் தாழலாம், 24 மணி நேரம் வரைகூட.

ஆறாம் படி: இன்சுலின் தேவைப்பட்டால்

1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதுவரை முதல் வகை என்றால் மரணம். அவன் அதற்குப் பின் 13 வருடம் வாழ்ந்தான். இதைக் கடைசிக் கட்டம் என்று அழைப்பது வேடிக்கைதான். இரண்டாம் வகையில் நோய் தெரியவரும்போதே பீட்டா செல்களின் திறனில் ஏறத்தாழ பாதி போயிருக்கும் என்று, 1990களில் முடிவுகள் வெளியான பிரிட்டனின் நீண்டகால ஆய்வு கணக்கிட்டது. பிறகும் அது குறைந்துகொண்டே போகும். பத்துப் பதினைந்து வருடத்தில் இன்சுலின் தேவைப்பட்டால் அது உங்கள் தோல்வி அல்ல. அறுவை சிகிச்சை, கடும் தொற்று, கர்ப்பம் என்று தற்காலிகமாகப் போட்டு நிறுத்துவதும் உண்டு. ஆகவே பழகிவிடும் என்ற பயமும் வேண்டாம்.

இன்சுலின் பேனாவால் போடும் முறை: கலங்கலான இன்சுலின் என்றால் உள்ளங்கைகளுக்கு நடுவே 10 முறை உருட்டி, 10 முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். புது ஊசி மாட்டி, 2 யூனிட் காற்றில் தள்ளி, நுனியில் சொட்டு வருகிறதா என்று பாருங்கள். பிறகு அளவைத் திருப்பி, 4 மில்லிமீட்டர் ஊசியை நேராகக் குத்தி, பொத்தானை முழுக்க அழுத்தி, 10 எண்ணியபின் எடுங்கள். சீக்கிரம் எடுத்தால் தோலில் வழியும். வழிந்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிடுங்கள்.

ஒரே இடத்தில் போட்டால் வலிக்காது என்று பலர் அதே இடத்திலேயே போடுவார்கள். அங்கே கொழுப்பு கட்டித் தடித்திருக்கும். வலி குறைவதற்குக் காரணம் அதுதான். இன்சுலின் அதிலிருந்து ஒரு நாள் இறங்கும், ஒரு நாள் இறங்காது. ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். தடிப்பிலிருந்து நல்ல இடத்துக்கு மாறும்போது பழைய அளவு அதிகமாகிவிடலாம். அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாறுங்கள்.

சிரிஞ்சு பயன்படுத்துபவர்கள் குப்பியில் 40 யூனிட் என்றிருக்கிறதா, 100 என்றிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சில நாடுகளில் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 50 யூனிட்.

திறக்காததை 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், உறைவறையில் வேண்டாம். உறைந்தது மறுபடி உருகினாலும் குப்பைக்குத்தான். பயன்பாட்டில் இருப்பதை வெயில் படாத அறையில் வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலானவை 28 நாள் தாங்கும். உறையில் போட்டதே சரியான கணக்கு. விமானத்தில் போனால் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.

ஏழாம் படி: வலிக்காத இடங்களைத் தேடிப் பார்ப்பது

வலி இல்லை, ஆகவே பிரச்சினை இல்லை என்ற நம்பிக்கைதான் கால்களைப் பறிக்கிறது. நரம்பு மரத்துப்போனால் செருப்புக்குள் கிடக்கும் கல்லோ காலில் ஏறிய ஆணியோ தெரியாது. தினம் இரவு இரண்டு பாதங்களின் அடியையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள், விரலிடுக்கையும் விடாமல். ஈரத்தை ஒற்றித் துடைத்து, கிரீமைப் பாதத்தில் தடவுங்கள், விரலிடுக்கில் வேண்டாம். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். காலாணியை பிளேடால் சீவாதீர்கள். சிவந்த இடம், கொப்புளம், ஆறாத புண் தெரிந்தால் அன்றே காட்டுங்கள்.

கண்ணைப் பொறுத்தவரை இரண்டு விஷயம். மருந்து தொடங்கிய வாரங்களில் பார்வை மங்கினால் உடனே புதுக் கண்ணாடி வாங்காதீர்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது விழிலென்ஸில் நீர் கூடிக் குறைந்து பவர் மாறும். அளவு நிலைத்துச் சில வாரம் கழித்துச் சோதியுங்கள். ஆனால் திடீரென்று ஒரு கண் மறைத்தாலோ கரும்புள்ளிகள் பொழிந்தாலோ காத்திருக்கக் கூடாது. மற்றது, விழித்திரைச் சோதனை. இரண்டாம் வகையினர் நோய் தெரிந்ததுமே, முதல் வகையினர் 5 வருடத்துக்குள், பிறகு பெரும்பாலும் வருடம் ஒருமுறை. எழுத்து அட்டையைத் தெளிவாகப் படிப்பவரின் விழித்திரையிலும் கசிவு இருக்கலாம்.

சிறுநீரகத்துக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் மட்டும் பார்த்தால் தாமதம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிவதைக் காட்டும் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று வருடம் ஒருமுறை பாருங்கள். சேதம் முதலில் தெரியும் இடம் அது. ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே, கொலஸ்ட்ராலுக்கு மருந்து தேவையா என்ற கேள்வி, பல் ஈறுகள் ஆகியவையும் அதே வருடாந்திரப் பட்டியலில் சேரட்டும்.

எட்டாம் படி: காய்ச்சல், வாந்தி நாட்களுக்கு முன்கூட்டியே ஒரு தாள்

சாப்பிட முடியவில்லை, அதனால் இன்சுலின் வேண்டாம் என்று முடிவெடுப்பதுதான் இந்த நோயில் மிக ஆபத்தான தவறு. நோய்த்தொற்று, பட்டினியிலும் சர்க்கரையை ஏற்றும். நாள் முழுக்க வேலை செய்யும் நீண்டநேர இன்சுலினை நிறுத்தக் கூடாது. முதல் வகையினர் ஒரு வேளைகூட விடக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, சிறிது சிறிதாக நீர் குடித்துக்கொண்டே இருங்கள். மாத்திரையில் கணக்கு வேறு: வாந்தி, வயிற்றுப்போக்கில் உடல் வறண்டால் மெட்ஃபார்மினையும் எஸ்ஜிஎல்டி2 வகையையும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். எஸ்ஜிஎல்டி2 எடுப்பவருக்குச் சர்க்கரை 200கூட இல்லாத நிலையிலேயே உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குச் சேர முடியும் என்பதால், மீட்டரின் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடைய முடியாது.

நன்றாக இருக்கும் ஒரு நாளில் மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எதை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது, இன்சுலினை எத்தனை யூனிட் கூட்டுவது, கீட்டோன் எப்போது பார்ப்பது, யாருக்குப் போன் செய்வது. ரத்தக் கீட்டோன் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 1.5ஐத் தாண்டினால் உடனே அழைக்க வேண்டும். 3ஐத் தாண்டினாலோ, வாந்தி நிற்காமல் வயிறு வலித்து மூச்சு ஆழமாக வேகமாக இழுத்தாலோ, வாயில் பழுத்த பழ வாடை அடித்தாலோ, போன் செய்து நேரம் போக்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு. தாளை மீட்டர் டப்பாவுக்குள் மடித்து வையுங்கள், ஒரு நகல் வீட்டில் இன்னொருவரிடம் இருக்கட்டும்.